கணக்கு தொடங்கினால்தான் வைஃபை

1

இது முதலில் கதையாக இருக்கவில்லை, புகார்க் கட்டுரையாக இருந்தது. காசு கொடுத்து வாங்கிய ரவுட்டர், நம் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டு, நம் மின்சாரத்தைத் தின்றுகொண்டு, "முதலில் எங்களிடம் ஒரு கணக்கு தொடங்குங்கள்" என்று நம்மையே அதட்டுகிறது. மின்விசிறி இப்படிக் கேட்கிறதா, தண்ணீர்க் குழாய் கேட்கிறதா என்று இரண்டு பக்கம் பொரிந்து தள்ளினேன். மூன்றாம் பக்கத்தில் அக்கா வந்துவிட்டாள். அதன்பின் பேனா நகரவில்லை.

(பேனா என்பது சும்மா. கைபேசியில் கட்டைவிரலால்தான் எழுதுகிறேன்.)

2

கதையாக மாற்றிய முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"இணைப்புக் கொடுக்க வந்த ஆள் அவசரத்தில் இருந்தான். அவன் செய்த தவறு

அடித்துவிட்டேன். அப்படி ஒருவன் வரவே இல்லை. ரவுட்டரை மாட்டியது நான். பழி சுமக்க ஓர் ஆளைப் படைத்து, வரிக்கு வரி அவன் மேல் எரிச்சலும் பட்டேன் பாருங்கள், எழுத்தில் இது ஒரு வசதி.

3

நடந்ததைச் சொல்கிறேன். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கணவரைப் பிரிந்து, ஏழு வயது மகளோடு ஒரு வாடகை வீட்டின் கீழ்ப்பகுதிக்கு வந்தாள். மகள் யாரிடம் வளர்வது என்று வழக்கு நடக்கிறது.

குடிவந்த மறுநாள் நான் ரவுட்டர் மாட்டப் போனேன். செயலி கணக்குக் கேட்டது. மின்னஞ்சல், பிறந்த தேதி, அக்காவின் கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண். வேலை நேரத்தில் அவள் கைபேசி பெட்டிக்குள் பூட்டியிருக்கும். என் கையில் இருந்ததோ அவர்கள் பழைய வீட்டில் பொதுவாக வைத்திருந்த டேப்லெட். பழைய வீட்டிலும் இதே கம்பெனி ரவுட்டர்தான் என்பதால், அதில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. கடவுச்சொல்லைக்கூட டேப்பே நிரப்பிக்கொண்டது. ஒரு தட்டு தட்டினேன், வைஃபை வந்தது. குழந்தை கைதட்டினாள்.

அது அத்தானின் கணக்கு.

[கணக்கே இல்லாமல் தொடரும் வழியும் அந்தத் திரையில் இருந்தது. அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில். பிறகுதான் பார்த்தேன். என்னைக் காப்பாற்ற இது போதாது.]

4

எந்தக் கைபேசி எப்போது வீட்டுக்குள் வந்தது, எப்போது வெளியே போனது என்பதெல்லாம் அன்றிலிருந்து அந்தக் கணக்கு வழியாக அத்தானின் கையில். எப்படித் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. அக்காவிடம் ஃபோனில் இவ்வளவுதான் சொன்னார்:

"நேத்து எட்டேகாலுக்குத்தான் வந்த போல. வியாழக்கிழமையும் அப்படித்தான். குழந்தை கதி என்ன? வக்கீல்கிட்ட சொல்லிட்டேன்."

அக்கா பதறிப்போனாள். யார் போட்டுக்கொடுத்தது? வீட்டுச் சாவி வைத்திருந்த ஒரே ஆள் மாடிவீட்டுத் தையல்காரம்மா. பள்ளி விட்டு வரும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர். துணி வெட்டும் மேசையின் ஒரு மூலையில்தான் அவளுக்கு வீட்டுப்பாடம்.

சனிக்கிழமை அக்கா படியேறிப் போய்ச் சாவியைக் கேட்டு வாங்கினாள். "இனிமே நானே பாத்துக்கறேன். நீங்க பாத்தது போதும்."

இப்போது குழந்தை பள்ளி விட்டதும் பரிசோதனைக்கூடத்து பெஞ்சில், ஊசிக்குக் காத்திருப்பவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள்.

5

இந்த இடத்தில் கதாநாயகன் மேல் எனக்கே நம்பிக்கை போகிறது. விஷயத்தைக் கேட்ட மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. செய்ததென்ன? ஞாயிற்றுக்கிழமை, "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சாக்குச் சொல்லி, ரவுட்டரின் பின்னாலிருந்த துளையில் குண்டூசியை விட்டு எல்லாவற்றையும் அழித்தான். அக்கா பெயரில் புதுக் கணக்கு தொடங்கினான். ஆறு இலக்க எண்ணை அக்காவே வாசித்துச் சொன்னாள். அத்தானுக்குத் தகவல் நின்றது.

இது முடிவு அ. சுபம் போட்டிருப்பேன். ஆனால் புதன்கிழமை அக்கா சொன்னாள்:

"பாத்தியாடா? சாவியை வாங்கினதும் உங்க அத்தான் வாய் அடைச்சுப்போச்சு. அந்தம்மாதான். எனக்கு அப்பவே தெரியும்."

நான் "ம்" என்றேன். நான் செய்த ரிப்பேரே அந்த அம்மாவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

6

முடிவு ஆ: "அவன் அக்காவின் முன்னால் போய் நின்று, தலையைக் குனிந்து

ஏழு தடவை எழுதினேன். ஏழு தடவையும் அக்கா மன்னித்துவிடுகிறாள். எழுதுவது நான்தானே.

எனவே முடிவு இ-யை எழுதவில்லை, செய்து பார்த்தேன். சற்று முன் மாடிக்குப் போனேன். தையல்காரம்மா ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நின்ற வாக்கிலேயே டேப், கணக்கு, குண்டூசி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் நூலைப் பல்லால் அறுத்தார்.

"இதை எதுக்குத் தம்பி என்கிட்ட சொல்றீங்க? நான் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா? கீழ போய் சொல்லுங்க."

"கேஸ் நடக்கற நேரத்துல அக்காவை..."

"கேஸுக்காகத்தான் சொல்றேன். அவர் உளவு பார்த்தது உங்க அக்கா வக்கீலுக்குத் தெரிய வேணாமா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நாள் நான் என்னை மட்டும்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

7

படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே அக்கா குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டே திட்டுகிறாள். கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது.

முடிவு வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்கா என்னை அறையலாம், அழலாம், மூன்று மாதம் முகம் கொடுக்காமல் இருக்கலாம். எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். மன்னிப்பில் மட்டும் போய் நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. அக்கா ஒரு தடவை மாடிப்படி ஏற வேண்டும், அந்தச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு. அதுவரைக்கும் எழுதுங்கள். நான் உள்ளே போகிறேன்.