சின்னத் தட்டின் வேகம்

அந்தச் சின்ன இசைத்தட்டை நெவியா ஒரு மேசைத்துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். பழைய கயிற்று ஆலைக்குக் கீழே பேருந்தைவிட்டு இறங்கியபோது, பையை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று துல்லியோ கேட்டான். அவள் கொடுக்கவில்லை. மலையிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. ரியேக்கா துறைமுக நகரில் அந்தக் காற்றில் பேசினால் வாய்க்குள் மணல் வரும். துல்லியோ அதையும் பொருட்படுத்தாமல் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தான்.

அவன் பேச்செல்லாம் ஒன்றே ஒன்றுதான். தட்டைக் கொடு, வேகத்தைப் பற்றி வாயைத் திறக்காதே.

"சொன்னா அடிப்பாங்க, நெவியா. போன தடவை அடிச்சவங்க எல்லாம் இன்னும் உயிரோடதான் இருக்காங்க. பாட்டில் விலைதான் ஏறியிருக்கு."

அவள் புருஷன் லிவியோவும் இந்தத் துல்லியோவும் இளவயதில் இரண்டே பேராக ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். பெயர் பாரந்தூக்கி. லிவியோ பாடுவான். துல்லியோ, ஓட்டல் நடனக் குழு ஒன்று கழித்துப்போட்ட மின் ஆர்கனை உடைந்த ரேடியோக்களோடு கோத்து வாசிப்பான். தாளத்துக்கு ஒரு பெட்டி. கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. கப்பல் கட்டும் துறையில் இரும்பைத் தட்டுகிற சத்தத்தையே பாட்டாக்கி மேடையேற்றியதுபோல் இருக்கும். போன இடமெல்லாம், மத்தவங்க எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். முரட்டு ராக் இசைக்குரிய பங்க் என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருக்கவில்லை. அதனால் இவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

அவர்கள் பதிவு செய்தது ஒரே ஒரு பாட்டு. வானொலி நிலையத்தில் வேலை பார்த்த நண்பன் ஒருவன், யாரும் இல்லாத ஒரு மதியத்தில் அதைத் தட்டில் வெட்டிக் கொடுத்தான். கையில் இருந்தவை சின்னத் தட்டுகள்தாம். பாட்டோ நீளம். வழக்கமான வேகத்தில் வெட்டினால் பாதியிலேயே தட்டு முடிந்துவிடும் என்று, பெரிய தட்டுக்குரிய மெதுவான வேகத்தில், நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றில், வெட்டினான். அதைத் தட்டின்மேல் எழுத மறந்துவிட்டான். ஒரு தட்டு வீட்டுக்கு வந்தது. இன்னொன்று லியுப்லியானாவில் ஒரு மாணவர் விடுதிக்குப் போனது. சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து. அதைக் குழந்தையும் கேள்வி கேட்காது. அந்தப் பையன்களும் நாற்பத்தைந்தில் சுழலவிட்டு, கேசட்டில் பிடித்துக்கொண்டார்கள். கேசட்டிலிருந்து கேசட் என்று நோவி சாத், சரயேவோ, ஸ்கோப்யே வரை போனது. லிவியோவின் கனத்த குரல் மீசை முளைக்காத ஒரு பையனின் வெறிக் கத்தலாயிற்று. தாளப்பெட்டி தலைதெறிக்க ஓடியது. அந்த ஓட்டத்தைக் கேட்டுத்தான், அப்போது ஒன்றாயிருந்த நாடெங்கும் பையன்கள் குழுக்கள் ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் தெரியாமல் இரண்டு பேரும் லியுப்லியானாவுக்குப் பாடப் போனார்கள். அரங்கு நிரம்பியிருந்தது. லிவியோ தன் குரலில், தன் வேகத்தில் பாடத் தொடங்கினான். இவங்க போலி, பாரந்தூக்கி பெயரைச் சொல்லி ஏமாத்த வந்தவங்க என்று கூட்டம் கூச்சலிட்டது. அப்புறம் பாட்டில்கள் பறந்தன. புருவத்தில் தையலோடு அவன் வீடு வந்தபோது நெவியாவுக்கு ஏழாம் மாதம். ஒன்றுமில்லை, இடித்துக்கொண்டேன் என்றான். துல்லியோ சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது; கேசட்டின் வேகம் அவர்களுக்கே பின்னால்தான் தெரியவந்தது. அதற்குப் பிறகு லிவியோ மேடையேறவில்லை. குளிக்கும்போதுகூட முணுமுணுக்கவில்லை. கப்பல் துறையில் பற்றவைப்பு வேலை செய்து ஓய்வு பெற்றான். அங்கே சுவாசித்த தூசு நுரையீரலில் தங்கிவிட்டது. கடைசி மாதங்களில் அவன் மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது வேறொரு சத்தம். பிப்ரவரியில் இரண்டும் நின்றன.

ஓக்னியன் என்று ஒருவர் நோவி சாத்திலிருந்து போன் செய்தது வசந்தத்தில். ரசிகர்கள் சேர்ந்து அந்தப் பாட்டை முறையாகத் தட்டாக வெளியிடப் போகிறோம், எங்களிடம் இருப்பது தேய்ந்த கேசட், உங்களிடம் நல்ல பிரதி இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ரியேக்காவின் பழைய கயிற்று ஆலையில் ரசிகர்கள் கூடும் நாளில் கொண்டுவருகிறேன் என்றாள். வேகத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

கேசட் அப்படியே அச்சானால், உலகத்தில் லிவியோவின் குரல் என்று மிஞ்சப்போவது அவனுடையது அல்லாத ஒரு குரல். நிஜக் குரலைப் போட்டுக் காட்டினால், அன்று நடந்தது மறுபடி நடக்கலாம், இந்த முறை அவள் கண்ணெதிரே. இரண்டையும் எடைபோட்டு அவளுக்குத் தூக்கம் போயிருந்தது. போதாததற்கு, அவன் போன பிறகு அவளே அந்தத் தட்டைக் கேட்கவில்லை. கேட்டால் தாங்குமா என்பதும் தெரியவில்லை.

ஆலைக் கூடத்தில் நல்ல கூட்டம். எல்லாரும் ஐம்பதைக் கடந்தவர்கள். கறுப்புச் சட்டைக்குள் தொந்தி. ஒரு ஓரத்தில் பொரித்த மத்தி மீனும் வெள்ளை ஒயினும் வைத்திருந்தார்கள். நெவியா நுழைந்ததும், வழிபாட்டுக்குப் பாதிரியார் வந்துவிட்டதுபோல் பேச்சு அடங்கியது. ஓக்னியன், மணிக்கட்டில் மருத்துவப் பட்டையணிந்த பெரிய உருவம், அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார். முதலில் கேசட்டைப் போட்டார்கள். அத்தனை முழங்கால்களும் ஒன்றாகத் துள்ளின. ஒரு வழுக்கைத் தலையர் கண்ணை மூடி ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் கூடவே பாடினார். நெவியாவுக்கு, யார் வீட்டுப் பிள்ளையோ கத்துகிறது என்றுதான் இருந்தது. ஆனால் அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க, துல்லியோ சொன்னது சரிதானோ, கலைக்க வேண்டாமோ என்று பட்டது.

பாட்டு முடிந்ததும் ஓக்னியன் தட்டை அவளிடமிருந்து வாங்கி, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் கருவியில் வைத்தார். வேகத்தை மாற்றும் விசைக்கு அவர் விரல் தானாகப் போனது. நெவியா எழுந்து அவர் கையைப் பிடித்தாள்.

"முப்பத்துமூணுல போடுங்க."

"ஷோரா நெவியா, இது சின்னத் தட்டுங்க," என்றார், அந்த ஊரில் பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு.

"தெரியும். அதுல பாடுறவரையும் எனக்குத் தெரியும்."

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு விசையை முப்பத்துமூன்றுக்குத் தள்ளினார்.

ஆர்கன் ஒலி தரையடியிலிருந்து எழுந்ததுபோல் வந்தது. தாளப்பெட்டி அவசரமில்லாமல் நடந்தது. பிறகு லிவியோ. இருபத்துநாலு வயது லிவியோ, மார்புக்குள்ளிருந்து. நெவியா மறுபடி உட்கார்ந்து நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அவள் பயந்தது அந்தக் குரலுக்கு. குரலுக்கு முன்னால் வந்த வேறொன்றை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவன் மூச்சு இழுத்தான். வேகத்தில் அது வெறும் சொடுக்காகக் கேட்டிருந்தது. இப்போது முழுதாகக் கேட்டது. அடைப்பில்லாமல், கீச்சில்லாமல், அடிவரை போகிற மூச்சு. மறுபடி. மறுபடி. கடைசி மாதங்களில் அவனோடு சேர்ந்து அவளும் எண்ணி எண்ணி அடக்கிய மூச்செல்லாம் அப்போதுதான் அவளை விட்டுப் போனது. தோள்கள் இறங்கின. அழவில்லை.

பாட்டு முடிந்தது. ஊசி மட்டும் உரசிக்கொண்டிருந்தது. துல்லியோ கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டான்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். லியுப்லியானாவிலிருந்து வந்த பிரேதா, பல் மருத்துவர்.

"அப்போ அன்னைக்கு எங்க ஊருக்கு வந்தது நிஜமாவே நீங்கதானா?"

"இல்ல, எங்க சித்தப்பா பசங்க," என்றான் துல்லியோ. "நான்தாம்மா ஆர்கன் வாசிச்சேன். உங்க ஊர் பாட்டில் நல்ல கனம்."

அவள் சிரிக்கவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு மன்னிப்பு வரப்போகிறது, அதற்கு நான் என்ன பதில் சொல்வது என்று நெவியா கலங்கினாள். பிரேதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னால் பார்த்துச் சொன்னாள்:

"ஓக்னியன், இன்னொரு தடவை போடு."

போட்டார். இந்த முறை முழங்கால்கள் துள்ளவில்லை. தலைகள் மெல்ல ஆடின. வழுக்கைத் தலையர் உதட்டை அசைத்துப் பார்த்தார், ஒவ்வொரு சொல்லுக்கும் முந்திப் போய்விட்டுக் காத்திருந்தார். பாட்டு நின்றதும் ஓக்னியன் தன் கையிலிருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வேகத்தைப் பிடிக்கணும்னு இருபது வருஷம் டிரம்ஸ் அடிச்சேன். மணிக்கட்டுல ரெண்டு ஆபரேஷன். டாக்டர் கேட்டார், யாருய்யா உன்னை இப்படி அடிக்கச் சொன்னதுன்னு."

"பெட்டியாலேயே அந்த வேகத்துல அடிக்க முடியாதே," என்றான் துல்லியோ. "எரிஞ்சு போயிருக்கும்."

முதலில் சிரித்தது ஓக்னியன்தான். அப்புறம் கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு தணியும் முன்பே சண்டை தொடங்கிவிட்டது. தட்டு இந்த வேகத்தில்தான் வரவேண்டும், இதுதான் அவர் குரல் என்றாள் பிரேதா. நம் வாழ்க்கையையே அந்தக் கேசட் அல்லவா மாற்றியது, அதை எங்கே போடுவது என்றார் வழுக்கைத் தலையர். ஸ்கோப்யேக்காரர் ஒருவர், உண்மையைச் சொன்னால் எனக்கு இது கொஞ்சம் தூக்கம் வருகிறது என்று சொல்லி நாலு பக்கமும் திட்டு வாங்கினார். ஒருவழியாக ஓக்னியன் நெவியா பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்கள், எந்த வேகம் என்று கேட்டார்.

"முதல் பக்கத்துல அவர் இருக்கட்டும். பின்பக்கம் அந்தப் பையன். அவனும் பாவம், இவ்வளவு தூரம் ஓடியிருக்கான்."

அதோடு தீரவில்லை. பின்பக்கத்துக்கு யாருடைய கேசட் என்று அடுத்த சண்டை ஆரம்பமானது. இனி அவள் அங்கே தேவையில்லை. துல்லியோ ஒரு தட்டு நிறைய மத்தி கொண்டுவந்து நீட்டினான். பிப்ரவரியிலிருந்து அவளுக்குச் சாப்பாடு என்பது மாத்திரை விழுங்குவதுபோல் ஆகியிருந்தது. இப்போது தலையோடு ஒன்றைக் கடித்தாள். உப்பு சரியாக இருந்தது. இன்னொன்றை எடுத்தாள்.

"ரொட்டி இருக்கா பாரு," என்றாள்.