தபாலில் வந்த ஐந்தாம் பாடம்

குமரவேலை அதுவரை மூன்று பெண்கள் வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். மூவருக்கும் காரணம் ஒன்றுதான். பெண் பார்க்கப் போன இடத்தில் தனியாகப் பேசக் கொடுத்த ஐந்து நிமிடத்திலும் அவன், மொழிபெயர்ப்பு நாவல்களில் படித்த பனியையும் குதிரை வண்டியையும் பற்றியே பேசித் தீர்த்திருந்தான். திருநெல்வேலி வெயிலில் வியர்த்து நிற்கிற பெண்ணுக்குப் பனியால் என்ன ஆகப்போகிறது?

அதனால்தான் தபால்வழிப் பேச்சுப் பயிற்சியில் சேர்ந்தான். வாரம் ஒரு உறை, உறைக்கு ஒரு பாடம். ஐந்தாம் பாடம் அவனுக்கு மனப்பாடம்: 'எதிரில் இருப்பவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி, மூன்று முறை தலையாட்டுங்கள். அவர் மனம் திறப்பார்.'

நாலாவது பெண் பத்தமடையில். பெயர் சுகிர்தா. காப்பித் தட்டோடு வந்தவள் பாயில் கால் தடுக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் சமாளித்து, தனக்குத்தானே "சபாஷ்" என்று முணுமுணுத்தாள். இவள்தான் என்று குமரவேலுக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

பெரியப்பா ஐயம்பெருமாள் காதைக் கடித்தார். "ஏலே, இன்னைக்காவது பனியைக் கிளப்பாத." அவர் ரகசியம் சொன்னால் தெருமுனைவரை கேட்கும்.

மொட்டைமாடியில், காய்ந்துகொண்டிருந்த வடகத்துக்குப் பக்கத்தில் இருவரையும் விட்டார்கள்.

"நல்ல வெயில்," என்றான் குமரவேல்.

"நல்ல வெயிலுன்னு சொல்லுதீங்க," என்றாள் சுகிர்தா. மூன்று முறை தலையாட்டினாள்.

"நல்ல வெயிலுன்னு நான் சொல்லுதேன்னு சொல்லுதீங்க." அவனும் மூன்று முறை ஆட்டினான்.

"நீங்க சொல்லுததா நான் சொல்லுதேன்னு சொல்லுதீங்க."

"எம்புட்டு நல்லாப் பேசுதாங்க!" என்று கீழே பெரியப்பா பூரித்துப்போனார்.

நாலு நிமிடம் இப்படியே போயிற்று. இவளும் கைநழுவிவிடுவாள் என்று பயந்து குமரவேலே கேட்டுவிட்டான்.

"ஏங்க, இது ஐந்தாம் பாடமா?"

சுகிர்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நீங்களுமா? போன தடவை நான் வாயே திறக்கல. பொண்ணு ஊமையான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அதான் சேர்ந்தேன். ஆறாம் பாடம் வந்துட்டா உங்களுக்கு?"

"இன்னும் வரல."

"எனக்கு நேத்து வந்துட்டு. உறை மேலேயே போட்டிருக்கு, 'மனம் நோகாமல் மறுப்பது எப்படி?'ன்னு."

குமரவேலின் முகம் தொங்கிப்போயிற்று. "படிச்சிட்டீங்களா?"

"பிரிக்கவே இல்ல. இனிமேப் பிரிக்கதாவும் இல்ல." அவள் வடகத்தைப் புரட்டிப் போட்டாள். "அது கெடக்கட்டும். பனி பெய்யுத ஊர்ல வடகம் எப்படிங்க காயும்?"

குமரவேல் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

கீழே பெரியப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு! பனியைக் கிளப்பிட்டான்!"