சகாயத்துக்கும் நிதிக்கும் நடுவே

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. மைசூரில் நான் படித்த கல்லூரியிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். "போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் பாஸான பசங்க காலேஜுக்கு ஏதாவது குடுக்கணும் சார். அவங்க மனசைத் தொடற மாதிரி தமிழ்ல சின்னதா ஒரு கதை. கன்னடத்துல ஒருத்தர் எழுதிட்டார்." மறுக்கத் தெம்பில்லாமல் சரி என்றேன்.

முதல் தொடக்கம்: 'தாயின் மடியைப் போன்றது கல்லூரி' — இதற்கு மேல் கை நகரவில்லை.

இரண்டாவது: 'விமானத்தில் வந்திறங்கிய லாய்ட், கல்லூரி வாசலில் நின்று கண்கலங்கி' — லாய்ட் ஏன் கலங்க வேண்டும்? படித்து முடித்து இரண்டு வருடமான பையனுக்கு வேலை கிடைத்திருந்தாலே பெரிது. விமானமாம்.

ஆகவே கொடுப்பவரை விட்டுவிட்டுக் கேட்பவரைப் பிடித்துக்கொண்டேன்.

2

ரெபேக்கா அதே கல்லூரியில் வேதியியல் முடித்தவள். இப்போது அங்கேயே பழைய மாணவர் அலுவலகத்தில் தற்காலிக வேலை. தன்னோடு படித்தவர்களுக்கும் தனக்கு அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கும் போன் செய்து நன்கொடை கேட்க வேண்டும். மாதக் கடைசிக்குள் ஐம்பது பேர் கொடுத்தால்தான் வேலை நீடிக்கும். அப்பாவுக்கு டிரைவர் வேலை போன பிறகு வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. (அப்பாவை இரண்டு முறை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தேன். இருக்கட்டும், வேலை போன அப்பாக்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.) இருபதாம் தேதி வரை ஒன்பது பேர்.

காலையில் 'ஹலோ' சொல்லும்போதே அவளுக்கு அலுப்பு. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஜூலி இவள் எண்ணைப் பார்த்தால் எடுப்பதில்லை. இன்னொருவன், "வேலை வாங்கிக் குடு, மொதல் சம்பளத்த அப்படியே தரேன்" என்றான்.

அலுவலகத் தலைவி மனிஷா மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். திட்டத்தின் ஆங்கிலப் பெயரைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். இனி 'சகாய நிதி' என்று சொல். கன்னடத்திலும் அதுதான், தமிழிலும் அதுதான்.

அன்று ஹனூரில் இருக்கும் சந்தோஷ்குமாரைக் கூப்பிட்டாள். ஒரு வருடம் இளையவன்.

"நம்ம காலேஜ் சகாய நிதிக்காகப் பேசறேன்."

"நம்ம சகாயண்ணனுக்கா? என்னாச்சுங்க்கா அவுருக்கு? மேலுக்கு முடியிலீங்களா?"

3

(இது அடிக்குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, அதனால் நடுவிலேயே போடுகிறேன்.)

சகாயநாதன் வேதியியல் லேபில் அட்டெண்டராக இருந்தவர். செய்முறைத் தேர்வில் ஆளுக்கு ஓர் உப்பு கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். திணறுகிற பிள்ளையின் மேசைக்குப் பின்னால் சகாயநாதன் வந்து நிற்பார். ஓர் இருமல் என்றால் குளோரைடு, இரண்டு என்றால் கார்பனேட், தும்மினால் சல்பேட். தப்புதான். கல்லூரி கேட்ட கதையில் இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். போன வருடம் அவரை நிறுத்திவிட்டார்கள். இருமியதற்காக இல்லை, ஒப்பந்தம் முடிந்ததென்று.

நிதியின் பெயரும் மனிதர் பெயரும் இவ்வளவு வசதியாகப் பொருந்துமா என்று கேட்பீர்கள். அவருக்குப் பசவராஜ் என்று பெயர் வைத்தும் எழுதிப் பார்த்தேன். கதை அங்கேயே படுத்துக்கொண்டது.

4

"அவுரு இருமுலீன்னா நான் டிகிரியே வாங்கியிருக்க மாட்டனுங்க்கா. இப்பவே போட்டு உடறேன்" என்றான் சந்தோஷ்குமார். 'இல்லப்பா, இது அவருக்கு இல்ல' என்று ரெபேக்கா வாயைத் திறப்பதற்குள் பணம் வந்துவிட்டது.

அடுத்த போனில் மோகனப்ரியாவும் அப்படியே கேட்டாள். ரெபேக்கா மறுக்கவில்லை. மூன்றாவது போனில் 'சகாய'வுக்கும் 'நிதி'க்கும் நடுவே அவளாகவே கொஞ்சம் மூச்சு விட்டாள்.

ஐந்து நாளில் முப்பத்தெட்டுப் பேர். பழைய ஒன்பது பேரோடு இன்னும் மூன்று பேர் வந்தால் ஐம்பது. ஜூலிகூடத் தானாகக் கூப்பிட்டு, "ஏனாயித்து கணே, என்னடி ஆச்சு அவருக்கு? இருக்காருதானே?" என்று கன்னடமும் தமிழுமாக அழுதாள்.

"இருக்காரு." அது ஒன்றைத்தான் ரெபேக்காவால் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.

இவளை நல்ல பெண்ணாகத்தான் எழுத ஆரம்பித்தேன். இப்போதும் கெட்டவள் என்று எழுத மனம் வரவில்லை. எனக்கும் களைப்பாக இருக்கிறது.

5

முடிவு அ: எல்லோரிடமும் உண்மையைச் சொல்கிறாள். பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், வேலை போகிறது. நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தை மூடலாம்.

முடிவு ஆ: சொல்லவில்லை. வேலை நீடிக்கிறது. அடுத்த வருடமும் அதே இடத்தில் மூச்சு விடுகிறாள்.

முடிவு இ: கல்லூரி மனமிரங்கி அந்தப் பணத்தைச் சகாயநாதனுக்கே — எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

எதுவும் பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமை அவளை நஞ்சன்கூடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

6

சகாயநாதன் அங்கே ஒரு தொழிற்சாலை கேட்டில் வாட்ச்மேன். ரெபேக்கா எல்லாவற்றையும் சொன்னாள், மூச்சு விட்டதையும். அவர் கோபப்படுவார் என்று நானும்தான் காத்திருந்தேன்.

"ஹௌதா, அப்படியா?" என்றார். "எத்தன பேரு?"

"முப்பத்தெட்டுண்ணா."

"யார் யாருன்னு பேரு சொல்லு."

சொன்னாள். நடுவில் ஒரு லாரிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கேட்டார். ஒவ்வொரு பேருக்கும் அவரிடம் ஓர் உப்பு இருந்தது. "சந்தோஷ்குமாரா, கார்பனேட். மோகனப்ரியாவுக்கு ரெண்டு தடவ தும்மினேன், அப்பவும் தப்பா எழுதிட்டு வந்துச்சு." அவர் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்க்க ரெபேக்காவுக்குத் தாங்கவில்லை. பணம் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை.

பட்டியல் முடிந்தது.

"உன் பேரு வரலியேம்மா. நீ குடுக்கலயா?"

கல்லூரிக்கா, தனக்கா என்று அவர் சொல்லவில்லை. ரெபேக்காவின் பதிலை நாலு முறை எழுதினேன். நாலு முறையும் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தேன், அதனால் கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் மறுபடி போனை எடுப்பாள். மிச்சமிருக்கும் மூன்று எண்களில் ஒன்று உங்களுடையது. அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதும், கேட்காமல் பணத்தை அனுப்பிவிடுவதும் உங்கள் பாடு.