ஆறாவது துறைமுகம்

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. குறுக்காக வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கால்மாட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். வேன் டிரைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நிக்க வெச்சாதான் போகும்" என்றான். வேலைக்குப் போன காலமெல்லாம் லிஃப்டுகளைப் பழுது பார்த்த அப்பாவைக் கடைசியில் படிக்கட்டு வழியாகத்தான் இறக்கினார்கள்.

தலைமாட்டை ஆந்தை பிடித்திருந்தான். ராத்திரியெல்லாம் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுப் பகலில் தூங்குகிறவன் என்பதால் அப்பா வைத்த பெயர் அது. கல்லூரியைப் பாதியில் விட்டபோது அவர் சொன்ன பெயர்களோடு ஒப்பிட்டால் இது கொஞ்சல். கால்மாட்டில் அத்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர், "மெதுவா மாப்ள, செவுத்துல இடிக்குது" என்றார். இடித்தால் யாருக்கு என்ன என்று ஆந்தைக்குத் தோன்றியது. முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே, சுமையை உடம்போடு ஒட்டிப் பிடி. கிடங்கில் சொல்லிக்கொடுத்தது அப்படியே வந்தது. வேறெதுவும் வரவில்லை.

கீழே வாசலில் அக்கா முதல் மாடி அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரைக்கும் அவருக்கு ஒண்ணும் தெரியலைங்க. நேத்து நடந்ததே இன்னைக்கு ஞாபகம் இருக்காது. அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான். என்ன ஆகுதுன்னே தெரியாம, பயப்படாம போயிட்டாரு."

அன்று வந்தவர்கள் எல்லாரிடமும் அவள் இதையே சொன்னாள். அதே சொற்கள், அதே வரிசை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிப் பழகியவள்தான். ஆனால் இது அந்தப் பழக்கம் இல்லை. அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றுகொண்டிருந்தாள். யாராவது பிடுங்கிக்கொண்டால் விழுந்துவிடுவாள் என்பது பார்க்கிற எவனுக்கும் தெரியும்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மதியம் தாண்டிவிட்டது. அத்தான் வாடகை நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். அக்கா அடுப்படிக்குப் போனாள். ஆந்தை அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைப் பாதி சாத்தினான். விரிப்பு உருவிய மெத்தை மேல் அவனுடைய லேப்டாப் இருந்தது. வழக்கமாக இந்நேரம் அவன் தூங்கிக்கொண்டிருப்பான், லேப்டாப் அப்பாவிடம் இருக்கும். இன்று தூக்கமும் வரவில்லை. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. திறந்தான்.

அவனுக்கு இருக்கிற ஒரே நல்ல பழக்கம் அந்த எமுலேட்டர். என்றோ கடைகளை விட்டுப் போன ஒரு வீடியோ கேம் பெட்டியைப் போலவே கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் புரோகிராம். பத்துப் பேர் பத்து ஊரிலிருந்து சும்மா எழுதுவது. யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். "சம்பளம் இல்லாத வேலைன்னா மட்டும் விழுந்து விழுந்து செய்யுது ஆந்தை" என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு, அதில்தான் ஆடுவார். முழங்கால் போய் வேலையை விட்டபின், அவர் ஆடிய பழைய பெட்டியும் செத்தபின், காலையில் போட்ட காப்பி ஆறுவதற்குள் லேப்டாப்பைக் கேட்பார். ஆடுவது எப்போதும் ஒரே விளையாட்டு. தீவு தீவாகச் சரக்குப் படகு ஓட்ட வேண்டும். துறைமுகத்தில் சேர்த்தால் அதுவரை ஆடியதைச் சேமிக்கலாம். மறுநாள் அங்கிருந்தே தொடரலாம்.

எமுலேட்டரின் இணையப் பக்கத்தில் ஒரு புதுப் புகார் காத்திருந்தது. அனுப்பியவர் பெயர் நத்தை. முகம் தெரியாது, ஊர் தெரியாது. படகு விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தார்.

'நேற்று ஆடியது இன்று காணோம். முதல் துறைமுகத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு தடவை நான்தான் சேமிக்க மறந்துவிட்டேன் என்று நினைத்தேன்.'

ஆந்தை அதை மறுபடி படித்தான். பிறகு புரோகிராமின் கோடைத் திறந்தான்.

அந்தப் பெட்டியின் மூளை சின்னது. விளையாட்டு கேசட்டில் இருக்கும் நினைவகம் முழுவதையும் அதனால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ஒரு ஜன்னல் வழியாகத்தான் பார்க்கும். ஜன்னலுக்குப் பின்னால் எந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது என்பதைக் கேசட்டில் உள்ள சில்லு பார்த்துக்கொள்ளும். எமுலேட்டரில் அந்தச் சில்லு செய்வதையெல்லாம் எழுதியவன் ஆந்தை. சென்ற வருடக் கடைசியில், வேகம் கூட்டுகிறேன் என்று அதைத் திருத்தியவனும் அவன்தான். படகு கேசட்டில் சேமிப்புக்கு இரண்டு பக்கங்கள். அவன் திருத்தத்துக்குப் பிறகு எழுதுவது வழக்கம்போல் இரண்டாம் பக்கத்தில் விழுந்தது. மறுநாள் படிப்பது முதல் பக்கத்திலிருந்து. அங்கே ஒன்றும் இல்லை.

திருத்திய அன்று அவன் சோதித்தான். படகை ஓட்டினான், சேமித்தான், மறுபடி வரவழைத்தான், வந்தது. ஆனால் எமுலேட்டரை மூடித் திறந்து பார்க்கவில்லை. மூடாதவரை எல்லாம் சரியாகத்தான் தெரியும். மூடித் திறந்து பார்க்க அவனுக்குப் பொறுமை இல்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம்தான் அப்பா சொன்னார். "நேத்து ஆடினது காணோம்டா."

போர்வைக்குள்ளிருந்து ஆந்தை, "சேவ் பண்ண மறந்திருப்பீங்க" என்றான்.

அடுத்த நாளும் சொன்னார். அதற்கடுத்த நாள் அக்கா காதில் விழுந்தது. அந்த வாரமே அடுப்பில் பால் பொங்கிக் கருகியது. அக்கா டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் என்ன கிழமை என்று கேட்டார். அப்பா ஒரு நாள் தள்ளிச் சொன்னார். மாத்திரை வந்தது. தனியாக வெளியே போய் வழி தவறிவிடுவார் என்று, வாசல் பக்கத்து ஆணியில் தொங்கிய அவருடைய சாவி அக்காவின் கைப்பைக்குப் போனது. "சாவி எங்க?" என்று கொஞ்ச நாள் கேட்டார். "பத்திரமா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போவாள். உள்ளே ஆந்தை தூங்குவான். பிறகு அவர் சாவியையும் கேட்கவில்லை, விளையாட்டு காணாமல் போனதையும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் முதல் துறைமுகத்திலிருந்து ஆரம்பித்தார். கிளம்பும்போது எட்டிப் பார்க்கிற அக்காவுக்கு அந்தத் துறைமுகத்து மரப் பாலமும் படகில் ஏற்றுகிற அதே மாவு மூட்டைகளும்தான் தெரியும். "பாரு, இன்னைக்கும் மொதல்லேர்ந்து" என்பாள் மெதுவாக.

தவறு இரண்டே வரியில் இருந்தது. ஆந்தை மாற்றினான், படிப்பதையும் இரண்டாம் பக்கத்துக்கே திருப்பினான். இந்த முறை மூடித் திறந்து பார்த்தான். நத்தைக்கு, 'சரி செய்தாயிற்று. தவறு உங்களுடையது அல்ல' என்று எழுதினான். பிறகு சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. அப்பாவின் சேமிப்புக் கோப்பைத் திறந்தான்.

மரப் பாலம் வரவில்லை. உயரமான கலங்கரை விளக்கத்துக்குக் கீழே படகு கட்டியிருந்தது. ஆறாவது துறைமுகம். கோப்பின் தேதி திங்கட்கிழமை, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நாள். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் வரைபடத்தில் காட்டாத பாறைகள் உண்டு. எங்கெங்கே என்று மனப்பாடமாகத் தெரிந்தால்தான் தாண்ட முடியும். பழைய பெட்டியில் அதைத் தாண்ட அப்பாவுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. இப்போது ஒரே காலையில் வந்திருக்கிறார். படகில் ஒரு கீறல் இல்லை.

ஆந்தை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வருமா என்று பார்த்தான். கொட்டாவிதான் வந்தது.

கூடத்தில் அக்காவின் குரல் யாரிடமோ ஃபோனில் கேட்டது. "...என்ன ஆகுதுன்னே தெரியாம, பயப்படாம..."

அவன் லேப்டாப் மூடியில் கை வைத்தான். மூடினால் போதும். கோடில் இரண்டு வரி மாறியது, அதை யாரும் தேடிவந்து பார்க்கப் போவதில்லை. அக்காவிடம் அந்த வார்த்தைகள் இருந்துவிட்டுப் போகும்.

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு அக்கா இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். தோளில் கைப்பை அப்படியே இருந்தது, காலையிலிருந்து கழற்றவில்லை. அத்தான் எடுக்க மறந்த வாடகை நாற்காலி ஒன்று மூலையில் கிடந்தது. அதில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாளாவது அதை மூடி வைக்கக்கூடாதா?"

ஆந்தையின் கை லேப்டாப் மூடி மேலேயே இருந்தது.

"அது என்ன இடம்? லைட்ஹவுஸெல்லாம் இருக்கு. பாலம் எங்க?"

"ஆறாவது துறைமுகம்."

"நீ ஆடினதா?"

ஆமாம் என்றால் முடிந்தது. சின்ன வார்த்தைதான். ஆந்தை டீயை வாங்கிக் கீழே வைத்தான்.

"அப்பா ஆடினது."

"எப்போ? பழைய பெட்டியிலயா?"

"திங்கக்கிழமை காலைல."

"நான் கிளம்பும்போது பார்த்தேனே. மொதல்லேர்ந்துதான் ஆடிட்டு இருந்தாரு."

"மொதல்லேர்ந்துதான் ஆரம்பிச்சாரு. வேற வழியில்ல. சேவ் ஆகலை. நான் கைய வெச்சதுல கெட்டுப்போச்சு. ஏழெட்டு மாசமா."

அக்கா டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே வைத்திருந்தாள்.

"அப்படின்னா?"

"நேத்து ஆடினது காணோம்னு சொன்னாருல்ல. நெஜமாவே காணோம்."

பக்கத்து வீட்டில் யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது. அக்கா திரையைப் பார்த்தாள். படகு தண்ணீரில் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பாலைக் கருக விட்டாரே" என்றாள்.

"அது என்னன்னு எனக்குத் தெரியாது."

"டாக்டர் கேட்டப்போ கிழமையைத் தப்பாச் சொன்னாரு. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"எனக்கும்தான் இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியாதுக்கா."

அவள் டீயைக் குடிக்கவில்லை. டம்ளரின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு இன்னொரு சுற்று.

கூடத்திலிருந்து அத்தான் கூப்பிட்டார். "ஏம்மா, ஒரு சேர் கொறையுது. வந்தவங்க யாராச்சும் மடிச்சு பாக்கெட்ல போட்டுட்டுப் போயிட்டாங்களா?"

அக்கா எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் அத்தானிடம் கொடுத்தாள். ஃபோன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை.

பாதி திறந்த கதவு வழியாக ஆந்தைக்கு வாசல் தெரிந்தது. அக்கா அங்கே நின்று கைப்பைக்குள் துழாவினாள். கைக்குட்டை, மாத்திரை அட்டை, பேனா எல்லாவற்றையும் எடுத்து இடது கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடியில் தேடினாள். அப்பாவின் சாவி வந்தது. அதைப் புடவைத் தலைப்பால் ஒரு முறை துடைத்து, வாசல் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

அத்தான் நாற்காலிகளோடு வெளியே போகையில் கதவு சுவரில் தட்டியது. சாவி இரண்டு பக்கமும் ஆடி, மெல்ல நின்றது.