ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

புஸ்பராணி உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்த படகு இஞ்சினை அருளம்பலம் தூக்கித் தன் பட்டறையின் மரச்சட்டத்தில் மாட்டினார். அவளை உட்காரச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கதிரை ஒன்று பக்கத்திலேயே கிடந்தது.

அவளுடைய புருசன் சின்னராசா கடலில் செத்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். சாம்பல்தீவுக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பின்னேரம் இஞ்சின் நின்றுபோயிற்று. ஆறு மணிக்குப் பிறகு கடலில் எது மிதந்தாலும் நேவி சுடும். முன்னால் போன படகுக்காரர் கண்டும் திரும்பத் துணியவில்லை. அவன் குதித்து நீந்தியிருக்கிறான். ஐப்பசி நீரோட்டம் விடவில்லை. மறுநாள் உடல் ஒரு பக்கமும் படகு இன்னொரு பக்கமுமாக ஒதுங்கின.

போன மாதம்தான் அந்த இஞ்சினுக்கு அருளம்பலம் புது பிஸ்டன் ரிங் போட்டிருந்தார். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் அவர் கைபட்ட இஞ்சின் நடுக்கடலில் நின்றது என்ற பேச்சு இருபது வருடத்தில் இல்லை. பன்னிரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. தன் வேலை பிழைத்துவிட்டதோ என்ற பயத்தில் செத்த வீட்டுக்கும் போகவில்லை.

கழற்றினார். ரிங் புதிது போலவே இருந்தது. பிளக் சுத்தம். காபரேட்டர் வறண்டு கிடந்தது. மண்ணெண்ணெய் டாங்கியைக் கவிழ்த்தார், ஒரு சொட்டு விழவில்லை. பிழை தன் கையில் இல்லை.

"இஞ்சினில ஒரு பிழையும் இல்லை. எண்ணெய் முடிஞ்சிட்டுது," என்றார்.

"எவ்வளவு இருந்திருந்தா வந்து சேந்திருப்பார், அண்ணை?"

அவருக்குப் பிடித்த மாதிரியான கேள்வி. தூரத்தையும் காற்றையும் மனதுக்குள் கூட்டிக் கழித்தார்.

"ஒரு போத்தல் காணும்."

"ஒரு போத்தலோ?"

"ஓம். அதுக்கு மேல தேவைப்படாது."

அவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "விளக்குக்கெண்டு ஒரு போத்தல் நான் எடுத்து வச்சனான், அண்ணை. சின்னவளுக்குக் காய்ச்சல். இருட்டுக்க பிள்ளையை வச்சிருக்க ஏலாது எண்டு, அவருக்குச் சொல்லாமல் படகுக் கானுக்குள்ள இருந்து ஊத்தி எடுத்தனான்."

"அப்ப கணக்குச் சரி," என்றார் அருளம்பலம்.

அவள் போனதை அவர் கவனிக்கவில்லை. இஞ்சினைப் பூட்டி முடித்து நிமிர்ந்தபோது பட்டறையில் யாரும் இல்லை. அன்றைக்கு மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை, தேத்தண்ணி வைக்க அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போதுதான், போத்தலைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. மண்ணெண்ணெய் கூப்பனுக்கு அளந்து கொடுக்கிற காலம். அந்த ஒரு போத்தலை அவள் என்ன பாடுபட்டு ஒளித்திருப்பாள்? இனி ஒவ்வொரு பொழுது படும்போதும் அவள் வீட்டில் விளக்குக் கொளுத்தத்தானே வேண்டும்?

தொண்ணூறாம் ஆண்டு அவருடைய மனைவி கனகம்மா மகளையும் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் படகேறியபோது, முடிக்கவேண்டிய வேலை கிடக்கிறது என்று இவர் நின்றுவிட்டார். போகிறபோது அவள் சொன்னாள்: "இஞ்சின் இருமினா உங்களுக்கு விளங்கும். மனுசர் அழுதா விளங்காது." அதைக் கோபத்தில் சொன்னதென்று ஏழு வருடமாக நினைத்திருந்தார். அவள் வெறுமனே உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அடுப்பைப் பற்றவைக்காமல் பட்டறைக்குப் போனார். சின்னராசாவின் இஞ்சினிலிருந்து எண்ணெய்ப் பைப்பைக் கழற்றினார். நல்ல றப்பர், இன்னும் மூன்று வருடம் உழைக்கும். சவர பிளேட்டை எடுத்து வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதொரு சாமானை வேண்டுமென்று கெடுக்க அந்தக் கை பழகவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பைப்பைக் கீறினார்.

சாம்பல்தீவுக்குச் சைக்கிளில் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. முற்றத்தில் சின்னராசாவின் தம்பி வலை உலர்த்திக்கொண்டிருந்தான். புஸ்பராணி வாசலுக்கு வந்தாள்.

"நேற்றைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன், தங்கச்சி," என்று பைப்பை நீட்டினார். "இது வெடிச்சிருக்கு. எண்ணெய் முழுக்க ஒழுகித்தான் முடிஞ்சது. ரிங் போடேக்க நான் பாத்து மாத்தியிருக்க வேணும். என்ர பிழை."

அவள் வெட்டின்மேல் பெருவிரலை வைத்துத் தடவினாள். விளிம்பு நேராக, சுத்தமாக இருந்தது.

"ஒரு போத்தல் கூடுதலா இருந்திருந்தாலும் இஞ்சின் நிண்டிருக்குமோ?"

"பத்துப் போத்தல் ஊத்தினாலும் நிண்டிருக்கும்."

அவளுடைய முகத்தை அவர் அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தார். அவள் நம்பிவிட்டாளா, நம்பப் பார்க்கிறாளா என்று பிடிக்க முடியவில்லை. பைப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வாசற்படியில் குந்தியிருந்து பெருங்குரலில் அழத் தொடங்கினாள்.

தம்பி வந்து அருளம்பலத்தின் சேட்டுக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தான். "உம்மை நம்பித்தானே அண்ணன் கடலுக்குப் போனவர்! இனி இந்தக் கரையில ஒருத்தனும் உம்மட்ட இஞ்சின் கொண்டுவரான், பாரும்!"

"ஓம்," என்றார் அவர். பொத்தான்கள் அறுந்து மணலில் விழுந்தன. அவர் குனிந்து பொறுக்கவில்லை.

பாலத்துக் காவற் சென்றியில் ஆமிக்காரன் மறித்தான். திறந்து கிடந்த சேட்டைப் பார்த்து, அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"எங்க போன?"

"செத்த வீட்டுக்கு."

"யாரு? சொந்தமா?"

அருளம்பலம் சேட்டின் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பிடித்தார்.

"ஓம், சொந்தம்," என்றார்.

அவன் வீதிக்குக் குறுக்கே கிடந்த மறிப்புத் தடியை உயர்த்தினான். அவர் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே நடந்தார். கீழே களப்பில் நட்டிருந்த கம்புகளில், கம்புக்கு ஒன்றாக நீர்க்காகங்கள் நனைந்த சிறகை விரித்துக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றன.