ஆற்று வீட்டார் பார்க்க வருகிறார்கள்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால், முதலில் ஆறு வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பார்த்துப் பிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. திருப்பூரில் எல்லோர் வீட்டிலும் இதுதான் வழக்கம். ஆறு தனியாக வராது. துணைக்கு ஓர் ஏரி வரும். பஜ்ஜியும் கேசரியும் செய்து வைக்க வேண்டும்.

கோகிலவாணி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகத் தரகர் வையாபுரி சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. திரைச்சீலையைத் துவைத்தாள். துவைத்த திரைச்சீலையை மறுபடி துவைத்தாள். பைகளை முன்கூட்டியே கட்டி, வருகிறவர்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ரொம்ப அலைகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

அலையத்தான் செய்தாள். முன்பு ஓர் ஆறு வந்து பார்த்துவிட்டுப் போனதுண்டு. கேசரியை வழித்துச் சாப்பிட்டது. நல்ல குடும்பம் என்றது. எழுந்து போனது. போனது போனதுதான், இன்றுவரை ஒரு தகவல் இல்லை. அடுத்த கோடையை ஈஸ்வரமூர்த்தியின் பனியன் கம்பெனி ஷிப்மெண்ட் முழுசாக விழுங்கிவிட்டது. ஈஸ்வரமூர்த்தி அவள் கணவன். நல்ல மனிதன், ஆனால் ஷிப்மெண்ட் என்றால் சாமி வந்தவன் மாதிரி ஆகிவிடுவான். இந்தக் கோடையும் கைநழுவினால் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் கோகிலவாணியின் கவலை.

முக்கியமாக மூத்தவள் முகத்தில். தன்விகாவுக்கு ஐந்து வயது. போன கோடையில் வாங்கிய நீச்சல் டியூப்பை இடுப்பில் மாட்டியவள் இன்னும் கழற்றவில்லை. மஞ்சள் டியூப், முன்னால் வாத்துத் தலை. அதோடுதான் தூங்கினாள். அதோடுதான் பள்ளிக்கூடம் போனாள். வகுப்பு போட்டோவில் வாத்தும் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. எவ்வளவு இழுத்தும் வராமல் போகவே டாக்டரிடம் காட்டினார்கள். அவர் ஸ்டெதஸ்கோப்பை வாத்தின் கழுத்தில் வைத்துக் கேட்டார்.

"ஆறு வந்து கூட்டிட்டுப் போச்சுன்னா தன்னால கழண்டுக்கும்" என்றார்.

"இல்லைன்னா?"

"இல்லைன்னா பெரிய சைஸ் சுடிதார் எடுக்கணும்."

இளையவன் அகரனுக்கு மூன்று வயது. அவன் எதற்கும் கவலைப்படுகிற ஆள் இல்லை. ஜட்டியோடு தயாராக இருந்தான்.

ஞாயிறு மதியம் தரகர் போன் செய்தார்.

"அம்மிணி, எல்லாம் தயாருங்களா?"

"தயாருங்க."

"பக்கெட்டு, மக்கு எதும் கண்ணுல படக் கூடாது. அப்புறம், கடல் பேச்சை மட்டும் எடுத்தராதீங்க."

"ஏனுங்க?"

"அது புகுந்த வீடுங்க. சொன்னாலே மூஞ்சி சுண்டிப்போயிரும்."

கோகிலவாணி ஓடிப்போய் ஹாலில் மாட்டியிருந்த கன்னியாகுமரி படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

நாலரைக்கு மாடிப்படி நனைந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் மரியாதையாகச் செருப்புகளை ஓரமாக எடுத்து வைத்தார்கள். ஆறுகளுக்கு மேலே ஏறிப் பழக்கமில்லை. ஆனாலும் நல்ல காரியம் என்றால் ஏறும். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு வந்தது. படியின் அகலத்துக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பச்சைக் கலரில் இருந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நுரை. ரெண்டு பரிசல்களையும் வாசலில் ஜோடியாகக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே வந்தது.

ஏரி லிஃப்டில் வந்தது. அதற்கு நடை ஆகாது. கதவு திறந்ததும் தரகர் பின்னாலிருந்து தள்ளித்தான் வெளியே எடுத்தார். நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்தது. சோபா நீண்டது. சோபாவுக்குத் தக்கபடி ஹாலும் நீண்டது. டிவி எட்டத்தில் போய்ச் சின்னதாகத் தெரிந்தது.

"வாங்க, வாங்க" என்றான் ஈஸ்வரமூர்த்தி. அவனும் எட்டத்தில் போயிருந்தான்.

பிறகு அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் செய்கிற காரியம்தான், கை தன்னால் செய்துவிட்டது. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஆற்றிடம் நீட்டினான்.

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். கோகிலவாணி கணவனை முறைத்தாள். நகைக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தால் அவருக்கே மோதிரம் போடுவானா இந்த மனுஷன்?

ஆறு சொம்பை வாங்கி உள்ளே பார்த்தது.

"இது எங்கிருந்துங்க?"

"கார்ப்பரேஷன் பைப்புங்க" என்றான் ஈஸ்வரமூர்த்தி.

ஆறு ஒரு வாய் குடித்தது.

"எங்க சின்னம்மா" என்றது.

"அவளா? இங்கயா இருக்கா?" என்றது ஏரி. "எவ்வளவு வருஷமாத் தேடறோம். எளைச்சுட்டாளா?"

"குளோரின் வாசம் அடிக்குது. மத்தபடி நல்லா இருக்கா." ஆறு ஈஸ்வரமூர்த்தியிடம் திரும்பியது. "மிச்சத்தைக் கொட்டீராதீங்க. ஊருக்குக் கொண்டுபோறேன்."

கோகிலவாணி அதை ஒரு தூக்குப்போசியில் ஊற்றி மூடி வைத்தாள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"குழந்தைகளை வரச் சொல்லுங்க" என்றார் தரகர்.

தன்விகா பஜ்ஜித் தட்டோடு வந்தாள். ஹால் நீண்டுவிட்டதால் வந்து சேர நேரமானது. வாத்து நேராகப் பார்த்துக்கொண்டு வந்தது. அகரன் பின்னால் வந்து, யாரும் கேட்பதற்கு முன்பே ஆற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டான்.

"ஜில்லு" என்றான்.

"தம்பி, கையை எடு சாமி" என்றாள் கோகிலவாணி.

"இருக்கட்டும்" என்றது ஆறு. பிறகு தன்விகாவைப் பார்த்தது. "கல்லு எறிவியா?"

"எறிவேன்."

"தத்தித் தத்திப் போகுமா?"

கோகிலவாணி கண்ணால் சாடை காட்டினாள். போகும் என்று சொல்லித்தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"போகாது. பொத்துனு விழுந்துரும்" என்றாள் தன்விகா.

"அதுதான் எனக்குப் புடிக்கும். தத்தறதெல்லாம் கூச்சமா இருக்கும்."

ஏரி ஒரு பஜ்ஜியை விண்டது. "பையன் வெளிய வர மாட்டேன்னு அழுவானா?"

"அழமாட்டானுங்க" என்றான் ஈஸ்வரமூர்த்தி.

"அழாத புள்ளைங்க எனக்கு வேண்டாம். கரையில நின்னு ஒருத்தர் கூப்பிடணும், உள்ள இருந்து ஒருத்தர் அழணும். அப்பத்தான் எனக்கு ஏரியாட்டம் இருக்கும்."

"அழுவானுங்க" என்றாள் கோகிலவாணி அவசரமாக. "ஊரே கூடற மாதிரி அழுவானுங்க."

அகரன் ஒருதரம் அழுது காட்டினான். ஏரி திருப்தியாகத் தலையசைத்தது. ஜன்னல் கண்ணாடி வரை அலை போய்த் திரும்பியது. தரகர் கோகிலவாணியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கட்டிலுக்கு அடியில் பைகள் ஜிப்பைத் தாமாக இழுத்து மூடிக்கொள்கிற சத்தம் கேட்டது. அது ஹால் வரை கேட்டிருக்குமோ என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆறு காபியைக் குடித்து முடித்தது. தூக்குப்போசியை எடுத்துக்கொண்டது. எழுந்தது.

"நல்ல குடும்பம்" என்றது. "சரி, போறேன்."

ஹாலில் ஃபேன் நின்றது. நம் வீடுகளில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. பால்காரர் சொல்வதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் சொல்வதில்லை. சண்டை போட்டுக்கொண்டு போகிற சம்பந்திகூடச் சொல்வதில்லை. முன்பு வந்த ஆறும் இதே ஹாலில் நின்று இதே வார்த்தையைத்தான் சொன்னது. கோகிலவாணிக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அம்மிணி" என்று தரகர் கிசுகிசுத்தார். "அவுங்க அப்படித்தான். திரும்பின பழக்கமே இல்லீங்க. வேற வார்த்தை அவுங்களுக்குத் தெரியாது."

"தெரியலைன்னா தகவல் எப்படிங்க வரும்?"

தரகர் ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

தன்விகா டியூப்போடு போய் வாசலை மறித்து நின்றாள்.

"அப்படிச் சொல்லக் கூடாது" என்றாள்.

"எப்படி?"

"போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வர்றேன்னு சொல்லணும்."

"நான் திரும்பி வந்ததே இல்லையே" என்றது ஆறு. அதில் கோபம் இல்லை. "போனா போறதுதான்."

"சொன்னா வந்தரலாம். எங்கப்பா தினமும் சொல்லீட்டுத்தான் கம்பெனிக்குப் போறாரு. ஷிப்மெண்ட் இருந்தா நாங்க தூங்கினதுக்கப்புறம் வருவாரு. ஆனா வந்தர்றாரு."

எட்டத்தில் ஈஸ்வரமூர்த்தி குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோகிலவாணிக்கு அவனைத் திட்டவும் கட்டிப்பிடிக்கவும் ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டுக்கும் ஹாலின் நீளம் இடம் கொடுக்கவில்லை.

ஆறு யோசித்தது.

"போயிட்டு" என்றது. அது சுலபமாக வந்தது.

அதற்குமேல் வரவில்லை. உள்ளே கூழாங்கல் உருளுகிற சத்தம் கேட்டது. ஒரு கெண்டை மீன் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஆற்றின் கரையெல்லாம் வியர்த்தது. ஏரி சோபாவிலிருந்து, "சொல்லு கண்ணு, சொல்லு" என்று ஊக்கப்படுத்தியது. அகரன் கை தட்டினான்.

"வர்றேன்" என்றது ஆறு. மெல்லத்தான் சொன்னது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"ஆங்" என்று தன்விகா வழிவிட்டாள்.

ஆறு வெறுங்காலோடு படியிறங்கியது. பரிசல்களை மாட்டிக்கொள்ள மறந்துவிட்டது. எல்லோரும் பால்கனிக்கு ஓடினார்கள். அது தெருவோடு போனது, ஸ்கூட்டர்களுக்கு வழிவிட்டுப் போனது, பேக்கரி முனையில் வளைந்தது, மறைந்தது. தெரு காய்ந்தது. கோகிலவாணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு எதையும் அவள் வாழ்க்கையில் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை, கல்யாணத்தைக்கூட. பேக்கரி முனையில் ஒரு நாய் மட்டும் இருந்தது.

"உள்ள வாங்க" என்றாள் கடைசியில். "வெயில் அடிக்குது."

முதலில் திரும்பியது வாத்துதான். அது வாசல் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டது. பிறகு எல்லோருக்கும் கேட்டது. மாடிப்படியில் தண்ணீர் ஏறுகிற சத்தம். இந்தத் தரம் எங்கும் நின்று மூச்சு வாங்கவில்லை. ரெண்டு ரெண்டு படியாகத் தாவி வந்தது.

"வந்துட்டேன்" என்றது ஆறு. அதற்கே நம்ப முடியவில்லை. "சொன்னா வந்துருது. கிளம்பலாமா?"

தன்விகாவின் இடுப்பிலிருந்து டியூப் தொப்பென்று தரையில் விழுந்தது. வாத்து கொட்டாவி விட்டது.

அப்புறம் என்ன, ஒரே களேபரம். பைகள் கட்டிலுக்கு அடியிலிருந்து தாமாக வெளியே வந்தன. ஈஸ்வரமூர்த்தி ஓட்டமாக ஓடி வந்தும் ஹாலைத் தாண்ட முடியாமல், கடைசியில் ஏரியில் நீந்தி வாசலுக்கு வந்தான். அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். கம்பெனி. போனைத் தூக்கி ஏரியிடம் கொடுத்தான். ஏரி அதை வாங்கி அடியில் எங்கேயோ வைத்துக்கொண்டது.

"நீங்க வரலீங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"நான் உக்காந்தா உக்காந்ததுதான்" என்றது ஏரி. "ஆத்தை முடிச்சுட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன். அந்த வாத்தையும் விட்டுட்டுப் போங்க, பேச்சுத் துணைக்கு ஆகும்."

வாசலில் பரிசல்கள் ஜோடியாக இருந்தன. ஒன்றில் கோகிலவாணியும் தன்விகாவும் ஏறிக்கொண்டார்கள். இன்னொன்றில் ஈஸ்வரமூர்த்தி, அகரன், ஆறு திரும்பக் கொண்டுவந்திருந்த தூக்குப்போசியில் சின்னம்மா. தரகர் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறு கிளம்பியது. ரெண்டாவது மாடி திரும்பும்போது பிள்ளைகள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன.

அங்கே வைத்துத்தான் கோகிலவாணிக்குத் திக்கென்றது. கேஸை மூடினோமா?

"நான் மூடிட்டேன், போங்க" என்று மேலிருந்து ஏரி குரல் கொடுத்தது.

கொஞ்சம் கழித்து, நாக்கைக் கடித்துக்கொண்ட மாதிரி, மறுபடி அதன் குரல் வந்தது.

"போயிட்டு வாங்க."