திருட்டுப் போன வீட்டுக்கு ஒரு கேக்

"இது எதுக்கு நம்ம வீட்ல?"

"போலீஸ்காரங்க பேசிக்கறதெல்லாம் இந்த ரேடியோல கேக்கும் ஐரீன். எந்தத் தெருவுல கதவ உடைச்சான்னு பேப்பர்காரனுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சு?"

"ஜன்னல் கம்பி விக்கறவன் வேற என்னத்த செய்வான்? முதல் ஆளா போய் நிப்பேன்!"

டெட்ராய்ட்டில் கலவரம் நடந்து முடிந்த மறு வருடம் பேசிய பேச்சு அது. இந்தப் பிழைப்பு வேண்டாம் என்று அன்றைக்கே சொல்ல நினைத்தாள் ஐரீன். ஆனால் கார் தொழிற்சாலையில் வேலை போன பிறகு முதல்முறையாகக் கணவன் செஸ்டரின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தாள். சொல்ல மனம் வரவில்லை.

அதன் பிறகும் வரவில்லை. மிச்சிகன் மாநிலமெங்கும் வருடத்துக்கு வருடம் திருட்டும் வழிப்பறியும் கூடின, செஸ்டரின் கடையும் வளர்ந்தது. குற்றங்கள் மறுபடி பெருகின என்று பேப்பரில் வந்த செய்தியை, ஏதோ பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி, வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினான். காலையில் சாப்பாட்டு மேஜையில் ரேடியோ கரகரக்கும். ஒரு கிழவியை அடித்துப் போட்டார்கள் என்று அது சொன்னால், முட்டையோடு இன்னொரு துண்டு ரொட்டி கேட்பான்.

அவளுடைய பங்கு அதைவிடக் கேவலம். ஒரு வீட்டில் கெட்டது நடந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் கேக்கோ ரொட்டியோ சுட்டு எடுத்துப் போவது அந்தத் தெருக்களின் வழக்கம். தட்டோடு வந்தவளை யாரும் வாசலில் நிறுத்தமாட்டார்கள்.

"நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வர்றேன்" என்றான் செஸ்டர்.

அவளும் போனாள். ஆப்பிள் கேக்குக்குப் பின்னால் அளவு டேப்பும் வீடு வீடாக நுழைந்தது. இப்போதெல்லாம் அடுப்பிலிருந்து கேக்கின் லவங்கப்பட்டை வாசனை எழுந்தாலே அவள் சமையலறை ஜன்னலைத் திறந்துவிடுவாள்.

இன்று காலை ரேடியோ சொன்ன வீடு மிஸஸ் கவாலெக்குடையது. சர்ச்சில் ஐரீனுக்குப் பக்கத்தில் நின்று பாடும் விதவை.

கதவைத் திறந்தவளின் கன்னம் கன்றி, ஒரு கண் மூடியே போயிருந்தது.

"கல்யாண மோதிரம் கழட்ட வரல. சோப்பு போட்டு இழுத்தான், பாவி" என்றாள். "உள்ள வா கண்ணு. வேற யாராயிருந்தாலும் கதவத் திறந்திருக்கவே மாட்டேன்."

அதற்குள் செஸ்டர் ஜன்னலருகே போய்விட்டான். "பாத்தீங்களா, மிஸஸ் கவாலெக்? பச்சக் குழந்த தள்ளினாக்கூடத் திறந்துக்கும். ஒரு தடவ வந்தவன் சும்மா இருப்பானா? மறுபடி வருவான்."

கிழவி மோதிரம் போன விரலைத் தடவிக்கொண்டாள். "வருவானா?" என்று ஐரீனைத்தான் கேட்டாள்.

"வராம?" என்றான் செஸ்டர். குரலில் அப்படியொரு உற்சாகம். "ஐரீன், டேப்போட இந்த முனையப் புடி."

அவள் அசையவில்லை.

"என்ன, மரம் மாதிரி நிக்கற? அந்தக் கேக்கக் கீழ வச்சிட்டு வந்து புடி!"

ஐரீன் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, மோதிரமில்லாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செஸ்டர், இந்தப் பொழப்பு நமக்கு வேணாம். உன்னக் கெஞ்சிக் கேக்கறேன், விட்டுடு."